அது பூச்சி இல்லை

உண்மையைச் சொன்னதற்காக வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. அந்த உண்மையைச் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாய் தவறி வந்தது. அது தவறியதற்குக் காரணம் மனசாட்சி அல்ல, திமிர். (எங்கம்மா இதைப் "படிச்ச திமிரு" என்பாள். நான் படித்தது பி.காம்.)

எனக்கு ஓடு சேர்க்கும் பழக்கம் உண்டு. சங்கு, சோழி, நத்தை என்று ஒற்றை ஓட்டுக்காரர்கள் மட்டும். சிப்பி மாதிரி இரண்டு ஓடு உள்ளவற்றைச் சேர்க்கமாட்டேன். ஏன் என்று யாராவது கேட்டால் அப்போதெல்லாம் அரைமணி நேரம் விளக்கம் கொடுப்பேன். அதனால் யாரும் கேட்பதில்லை. தூத்துக்குடியில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனபோது ஓர் ஐவிரல் சங்கை வாங்கி வந்ததில் தொடங்கியது இந்தப் பைத்தியம். இருபத்தேழு வயதில் என்னிடம் நூற்றுக்கும் மேல் இருந்தன. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்த கல்லூரி நண்பன் கொடுத்த, கல்லாகிப்போன நத்தை ஒன்றும் அதில் உண்டு. கடல் அந்தப் பக்கம் இருந்த காலத்தில் வாழ்ந்து செத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேச ஆரம்பித்தால் கம்பெனியில் டீக்குப் போன கூட்டம் வழியை மாற்றிக்கொள்ளும்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம், தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு தடவை ராமேஸ்வரத்திலிருந்து கொண்டுவந்த முள் சங்குக்குள் சதை மிச்சம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் எலி செத்து நாறுகிறது என்று தன் வீட்டுக் கூரை ஓட்டைப் பிரித்துவிட்டார். அன்றைக்கு அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஏலே இசக்கி, ஒண்ணு இந்த வீட்டுல சங்கு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எனக்குக் கடைசியா ஊதுறதுக்கு ஒண்ண மட்டும் வச்சிட்டு மிச்சத்த இன்னைக்கே வெளியேத்து."

வெளியேற்றினேன். நான் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு. (துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் 'நாளைக்கு ரெடி' என்று சொல்வதுதான் மெர்ச்சண்டைசர் வேலை.) அங்கே பேக்கிங் செக்ஷனில் இடம் கொடுத்தவர் ருக்மணி அக்கா.

ருக்மணி அக்கா தாராபுரம் பக்கத்து கிராமத்துக்காரர். கணவர் இல்லை, ஒரே மகள், கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. பதினாறு வருஷமாக அந்த செக்ஷனில் இருந்தார். பேர் சூப்பர்வைசர் என்றாலும் வேலையெல்லாம் இன்சார்ஜ் வேலை. அந்த நாற்காலியில் மட்டும் எப்போதும் வெளியிலிருந்து ஒரு ஆண் வந்து உட்காருவார், ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். என் அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் அக்கா, "இதுல என்ன தம்பி, ஊட்டுச் சாமானா?" என்றார். சங்கு என்றேன். "செரி, அந்த மூலைல வெச்சுப்போடு. சாமி சமாச்சாரம், காலு படாம இருக்கோணும்" என்றார். சாமி சமாச்சாரம் இல்லை, விலங்கியல் என்று நான் விளக்க ஆரம்பித்தபோது அவர் டேப் ஒட்டப் போய்விட்டார்.

ஒரு திருப்பூர்க்காரன் சங்கு சேர்த்தால் எப்படிச் சேர்ப்பானோ அப்படித்தான் நானும் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வாயை மடித்து மட்டும் வைத்த ஒரு சின்னப் பாலிபேக். ஈரம் ஏறாமலிருக்க, பனியனோடு வைக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்ளே ஒன்று. கிடைத்த ஊர் எழுதிய அட்டை ஒன்று. ஓட்டின் முதுகில் சைஸ் ஸ்டிக்கர். எஸ், எம், எல். அந்த ஸ்டிக்கர் அக்கா கொடுத்தது. பழைய ஆர்டரில் மிஞ்சிய ரோல். சைஸ் ஸ்டிக்கர் என்பது பேக்கிங்கில் பூட்டி வைக்கிற பொருள். சைஸ் மாறினால் சரக்கே திரும்பிவிடும் என்பதால் சூப்பர்வைசர் கையெழுத்தில்லாமல் ஒரு ஸ்டிக்கர்கூட வெளியே போகாது. "உனக்குன்னு குடுக்கறேன், ஆருகிட்டயும் சொல்லாத" என்று முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த வருஷம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போயிருந்தேன். அமராவதி வாய்க்காலை ஒட்டி ஒரு குட்டை வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் நத்தை. உருண்டையாக, பழுப்பாக, பன்னிரண்டு. ஒவ்வொன்றின் வாயிலும் மூடி இறுக்கமாகச் சாத்தியிருந்தது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கனமாக இருக்கிறதே என்று தோன்றியது, உள்ளே மண் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். நாற்றமே இல்லையே என்று தோன்றியது, நன்றாகக் காய்ந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். செத்த சங்கு எப்படி நாறும் என்று ராயபுரத்துக்கே பாடம் நடத்தியவன் நான். இருந்தும் அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'அமராவதி வாய்க்கால். வறட்சியில் இறந்தவை.' எழுதும்போது கொஞ்சம் கண் கலங்கியதாகவும் நினைவு.

அவை தூங்கிக்கொண்டிருந்தன. மழை வரும்வரை அப்படித் தூங்குவது அந்த வகையின் பழக்கம். என் சிலிக்கா ஜெல் பொட்டலம் அவற்றைக் கோடையிலேயே நிறுத்தி வைத்துவிட்டது. நவம்பர் வந்தும் என் பெட்டிக்குள் மே மாதம் முடியவில்லை.

நவம்பரில்தான் கைக்குழந்தைகளுக்கான, சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த வெள்ளை ரோம்பர் ஆர்டர் ஒன்று முடிந்து, கடைசி இன்ஸ்பெக்ஷனுக்கு நின்றது. குழந்தைத் துணி என்றால் பையர்கள் கொஞ்சமும் இரக்கம் காட்டமாட்டார்கள். ஒரு நூல் பிசிறு, ஒரு கறை, ஒரு கொசு, எதுவும் கூடாது. முதலாளி முந்தின வாரமே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்: "ருக்மணி அம்மிணி, இந்த இன்ஸ்பெக்ஷன் ஒரே தடவைல பாஸ் ஆச்சுன்னா இன்சார்ஜ் நீங்கதானுங்க. இல்லீன்னா வெளிய ஒருத்தரப் பேசி வெச்சிருக்கறேன்." அக்கா அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் தானே டேப் ஒட்டினார். மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார். 'பேக்கிங்ல இருக்கறாங்க' என்று சொல்வதற்கும் 'இன்சார்ஜ்' என்று சொல்வதற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியும்.

செக்ஷனைச் சுத்தம் செய்தபோது என் பெட்டி மூலையில் அசிங்கமாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணில் படக்கூடாதென்று கடைசி அயர்னிங் டேபிளுக்கு அடியில் தள்ளினேன். ஸ்டீம் அயர்ன் ஓடுகிற இடம். மேலே ஆவி, கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இரண்டு நாளில் அட்டைப்பெட்டி ஊறிப் போயிற்று. உள்ளே பன்னிரண்டு பேருக்கும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது.

பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கழுத்தில் இன்ச் டேப், கையில் வெள்ளை உறை. சிரிப்பு என்பது அவருக்குத் தடை செய்யப்பட்ட பொருள். காலையிலிருந்து பெட்டி பெட்டியாகப் பிரித்து, ரோம்பர்களைப் பாலிபேக்கிலிருந்து எடுத்து, அளந்து, இழுத்து, முகர்ந்துகூடப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பார்த்து முடித்தவற்றை டேபிளில் அடுக்கிவிட்டு, "சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போட்டுருவோம்" என்றார். அந்த டேபிள் கடைசி அயர்னிங் டேபிளை ஒட்டியது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். நான் எதைத்தான் கவனித்தேன்?

ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் திரும்பி வந்தோம். முதலாளி, இன்ஸ்பெக்டர், அக்கா, நான். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். திறந்த பேனா அப்படியே நின்றது.

மேலே இருந்த ரோம்பரின் நெஞ்சில் பளபளவென்று ஒரு ஈரக் கோடு. கோட்டின் முனையில், இரண்டு கொம்பையும் நீட்டிக்கொண்டு, ஒரு நத்தை காலரை நோக்கி நடந்துகொண்டிருந்தது. முதுகில் 'எல்' ஸ்டிக்கர்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ரோம்பரின் சைஸ் டேகைப் புரட்டிப் பார்த்தார். மூன்று மாதக் குழந்தைக்கானது. மறுபடி நத்தையைப் பார்த்தார்.

"சைஸும் மேட்ச் ஆகலை" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி நத்தையின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "ஏனம்மிணி, இது நம்ம ஸ்டிக்கர்தானுங்களே? உங்க பூட்டுல இருக்கறது எப்படி வெளிய போச்சுங்க?"

அக்கா ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே ஒரு தடவை. 'இசக்கி தம்பிக்குக் கொடுத்தேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலீங்க" என்றார்.

நான் பேசவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. என் நத்தை, என் கையால் ஒட்டிய ஸ்டிக்கர், என்னால் தலை குனிந்து நிற்கிற ஒரு மனுஷி. நான் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். நத்தை தானாக எங்காவது போய்விடாதா என்றுகூட யோசித்தேன். (அது போய்க்கொண்டுதான் இருந்தது. அதன் வேகத்தில்.)

"பதினாறு வருசம் இருந்து என்னங்க பிரயோசனம்?" என்றார் முதலாளி. சத்தம் போடவில்லை. திருப்பூரில் கோபம் அதிகமானால் மரியாதையும் அதிகமாகும். "நீங்க போயி உக்காருங்க. மத்தத நான் பாத்துக்கறனுங்க."

அக்கா உட்காரவில்லை, அப்படியே நின்றார். இன்ஸ்பெக்டர் தன் படிவத்தைத் திருப்பினார். அதில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம்.

"பூச்சி. உயிருடன். ஒன்று."

"சார், அது பூச்சி இல்லை சார்."

யார் பேசியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

"பூச்சின்னா ஆறு கால் இருக்கணும் சார். இதுக்கு ஒரே கால். வயிறுதான் கால். மெல்லுடலி. சங்கு, சோழி எல்லாம் இதோட சொந்தக்காரங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா?"

அந்த 'அப்படியா'வில் நான் மயங்கிப் போனேன். சங்கு சேர்க்க ஆரம்பித்த இரண்டு வருஷத்தில் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் மனிதர் அவர். பாய்ந்துவிட்டேன். "இது குளத்து நத்தை சார். இது ரெண்டு விதமாவும் மூச்சு விடும், தண்ணியிலயும் விடும், வெளியவும் விடும். கோடைல மண்ணுக்குள்ள போயிக் கதவச் சாத்திட்டுத் தூங்கும். செத்துப் போச்சுன்னுதான் தோணும். ஈரம் பட்டா எந்திரிச்சுரும். இது அமராவதி வாய்க்கால் நத்தை சார், அந்தப் பக்கத்துல இந்த நிறம்தான் வரும்."

"அமராவதி வாய்க்கால்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான்தானே சார் எடுத்துட்டு வந்தேன்."

ஸ்டீம் அயர்ன் ஒருமுறை உஸ்ஸென்றது. முதலாளி என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். இன்ஸ்பெக்டர் மட்டும் பதற்றமே இல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

"மொத்தம் எத்தனை?"

"பன்னெண்டு சார்."

"மீதி பதினொண்ணு?"

பெட்டியை இழுத்துத் திறந்தோம். ஊறிக் கிழிந்த அட்டைக்குள் ஐந்து நத்தைகள் பாலிபேக்கை விட்டுக் கிளம்பும் தறுவாயில் இருந்தன. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு ஓட்டையும் எடுத்துப் பேனாவால் தட்டி, "உயிரோட இருக்கா?" என்று கேட்டார். அரியலூர்க் கல் நத்தையையும் தட்டினார். "சார், அது செத்துக் கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு" என்றேன். "வாய்க்கால் நத்தையும் செத்ததுன்னுதானே அட்டையில எழுதியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அதைத் தனியாக எடுத்து வைத்துக் கண்காணித்தார்.

மாலைக்குள் மேலும் ஐந்து கிடைத்தன. ஒன்று தீயணைப்பு சிலிண்டர் மேல் ஏறியிருந்தது. கடைசி ஒன்று கிடைக்கவில்லை. அது ஒருவேளை ஏதாவது பெட்டிக்குள் போயிருந்தால், ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் தொட்டிலில்தான் விழிக்கும். கடைசி நத்தை கிடைக்காமல் ஒரு பெட்டியும் கிளம்பக்கூடாது என்று எழுதிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார். பேக்கிங் செக்ஷன் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்து, ஒட்டிய எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, ஒவ்வொரு ரோம்பரையும் உதறி, மறுபடி மடித்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் குடிதண்ணீர் கேனுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "ஏனுங்க, எம் சைஸ் ஒண்ணு இங்க இருக்குதுங்க." அதோடு பன்னிரண்டும் ஆயிற்று.

திங்கட்கிழமை சரக்கு பாஸாகிவிட்டது. ஆனால் முதலாளி கேட்டது ஒரே தடவையில். அதோடு, பூட்டில் இருக்கவேண்டிய ஸ்டிக்கர் வெளியே போனது போனதுதான். வெளியாள் ஒருவர் இன்சார்ஜாக வந்தார். ஒரு வருஷம் கழித்து அவர் போன பிறகுதான் அந்த நாற்காலி அக்காவுக்குக் கிடைத்தது. அந்த ஒரு வருஷம் நான் திருடியது. மகளுக்கு வந்த வரன்களில் ஒன்று அந்த வருஷத்தில்தான் தட்டிப்போனது. காரணம் என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்க பயம்.

எனக்கு மூன்று மாதம் பேக்கிங்கில் பெட்டி தூக்கும் தண்டனை. பன்னிரண்டு நத்தைகளையும் ஸ்டிக்கர் உரித்து, அதே வாய்க்காலில் கொண்டுபோய் விட்டேன்.

இதில் விசித்திரம் என்னவென்றால், ருக்மணி அக்கா போகிற இடத்தில் எல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். "என்ற மேல பழி வந்துரும்னு இசக்கி தம்பி தானா முன்னால வந்து ஒத்துக்கிச்சுங்க. அந்தக் கொணம் ஆருக்கு வரும்?" கேட்டவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். எங்கம்மாகூட இரண்டு நாள் மீன் குழம்பு வைத்தாள். நான் மறுக்கவில்லை. பேசாமல் நிற்பதில் எனக்கு ஏற்கெனவே பயிற்சி இருந்தது.

மூன்று வருஷம் கழித்து அக்காவின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடவேண்டிய இடத்தில் அக்காவுக்குத் தம்பி இல்லை. "நீதான் வந்து நிக்கோணும்" என்றார். என் சொந்த ஊர் வேறு, எங்கள் ஆட்கள் வேறு. அவருடைய சொந்தத்தில் நாலு பேர் முகம் சுளித்தார்கள். "ஆபத்துக்கு வந்து நின்னவன்தானுங்க தம்பி" என்று அக்கா அவர்கள் வாயை அடைத்தார்.

மணமேடையில் மாலையை வாங்கிக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் தாங்கவில்லை. அக்காவின் காதோரம் குனிந்தேன்.

"அக்கா, அன்னைக்கு நான் உங்களுக்காக ஒத்துக்கலீங்க்கா."

"தெரியும் கண்ணு" என்றார், முகூர்த்தத் தட்டைச் சரி செய்துகொண்டே.

"தெரியுமா?"

"ஸ்டிக்கரப் பாத்ததுமே உன்ற நத்தைன்னு தெரிஞ்சுபோச்சு. நான் சொல்றதுக்கு எத்தன நேரமாகும்? நீயா வாயத் தொறக்கறயான்னு பாத்துட்டு நின்னேன்."

"தொறந்தேனேங்க்கா."

"எங்க தொறந்த? பூச்சி இல்லைன்னுதான சொன்ன."

மாலைக்காகத் தலை குனிந்து நின்ற கல்யாணப் பெண்ணுக்கு இது கேட்டுவிட்டது. தோள் குலுங்க ஆரம்பித்தது. ஆல்பத்தில் இருபது பேர் கண்ணீரோடு நிற்கிற அந்தப் படத்தில் அவள் மட்டும் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள், நான் பேயறைந்த மாதிரி நிற்கிறேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நேரமாச்சு. மாலையப் போடு, தம்பி."

அந்தப் பெண் மூலமாக இந்தப் 'பூச்சி இல்லை' வாக்கியம் இரண்டு குடும்பத்துக்கும் பரவிவிட்டது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்காததற்குச் சரியான பதில் சொல்கிறவர்களுக்கு எங்களிடம் இன்று அதுதான் பெயர். போன மாதம் என் மகளிடம், "சுவத்துல யாரு இங்க்கால கிறுக்கினது?" என்று கேட்டேன். "அது இங்க் இல்லப்பா, ஸ்கெட்ச்" என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "பூச்சி இல்லையாமா?" வீட்டுக்கு வந்திருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ருக்மணி அக்காவும் அன்று வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் சிரித்தேன்.